வெயிலில் கால் வைக்காதே

நராய் நிலையத்தில் இறங்கியதுமே
சட்டம் போட்டுவிட்டான் ரிந்தாரோ:
வெயில் மொத்தமும் எரிமலைக் குழம்பு.
நிழலில்தான் நடக்கணும்.
தப்பினால் சாவு,
அம்மாவுக்கும்தான்.

அவனுக்கு ஆறு வயது.
யுசுஹாவுக்கு மூன்று.
சட்டம் அவளுக்குப் புரியவில்லை,
சாவது பிடித்துப்போயிற்று.
நாலடிக்கு ஒருதரம்
நடுத்தெருவில் மல்லாந்து செத்தாள்.
தொப்பியை மட்டும் சாகவிடாமல்
கையில் பிடித்திருந்தாள்.

நகோயாவிலிருந்து இரண்டு ரயில் பிடித்து
நான் வந்தது வீடுகளைப் பார்க்க.
இவன் வயிற்றிலிருந்தபோது
முன்பதிவு செய்து ரத்தான பயணம்.
அறுபத்தொன்பது தங்கல்களில்
இது முப்பத்து நான்காவது என்கிறது பலகை.
வாய்விட்டு வாசித்தேன்.
எனக்கே கேட்கவில்லை.

'சாமுராய்ங்க எங்க மூச்சா போவாங்க?'

பலகையில் அது இல்லை.
கேட்டவனுக்கும் அவசரம்,
வரலாறு சம்பந்தப்பட்டதல்ல.

சோபா கடைக்காரி உள்ளே கைகாட்டினாள்.
விலாங்கு மாதிரி நீண்டுகொண்டே போகிற வீடு.
கரிபிடித்த உத்தரத்தின் கீழே
துவைக்கும் இயந்திரம் ஒன்று
யாருடைய காலுறைகளையோ சுற்றிக்கொண்டிருந்தது.
கதவோரம் பள்ளிப்பை, சிவப்பு,
கணக்கு நோட்டு பாதி வெளியே.
இருட்டில் அவன் கையைப் பிடித்து நடக்கையில்
பலகையை மறந்துபோனேன்.

மறுபடி தெரு.
இங்கே மாடி, கீழ்த்தளத்தைவிட
ஒரு முழம் முன்னால் துருத்தியிருக்கும்,
அதற்கும் மேல் இறவாரம்.
புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.
இப்போது அது
உயிர்பிழைக்க ஒரே வழி.
சன்னல் சட்டங்களை உரசிக்கொண்டு,
தள்ளுவண்டிச் சக்கரம்
சாக்கடை மூடியில் சிக்கச் சிக்க,
வாசல் வாசலாகப் போனோம்.
மலைநீர் விழும் மரத்தொட்டியில்
அகப்பையால் மொண்டு
யுசுஹா தன் செருப்புக்கு ஊட்டினாள்.
குடித்தது செருப்பு.

பிறகு அந்தத் திருப்பம்.
பகைவன் நேரே பாய்ந்துவிடக் கூடாதென்று
அந்தக் காலத்தில் தெருவை அங்கே
மடக்கி வைத்தார்களாம்.
நாங்கள் பகைவர் இல்லை என்றாலும்
நிழல் அங்கே தீர்ந்துபோயிற்று.
பத்தடிக்கு வெறும் வெயில்.
தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன்.
'நீங்க எரிஞ்சிடுவீங்களே' என்று
அழத் தொடங்கினான்,
நிஜமாகவே.

யுசுஹாவின் தொப்பியோடு
பின்னால் ஓடி வந்தாள் சோபா கடைக்காரி.
விசாரித்தாள். தலையாட்டினாள். திரும்பி ஓடினாள்.
கடைவாசலில் இருந்த ஒரே குடையை
எடுத்துவந்து விரித்தாள்:
கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடை.
வெயில் அதன் வழியே
வேலையாகப் போகிறவன் போல
நேரே இறங்கியது.

குந்தி உட்கார்ந்து தரையை ஆராய்ந்தான் நீதிபதி.
மூக்கை உறிஞ்சினான்.
'கம்பி நிழல் இருக்கு. எட்டு.
அது மேல மட்டும் மிதிக்கலாம்.'

ஆக, முப்பத்தேழு வயதில்,
ஆடி மாத உச்சிப்பொழுதில்,
குடைக்கம்பியின் நூல்நிழல் மேல்
நுனிக்காலில் நான் தெருவைக் கடந்தேன்.
மேல்துணியில் மாவு ஒட்டிய அந்தப் பெண்ணும்
குடையை ஆடாமல் பிடித்தபடி
நுனிக்காலில்.
அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு
இன்னும் நினைவிருக்கிறது.
கடைக்குள்ளிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்,
குழம்பு பொங்குதென்று.
எந்தக் குழம்பு என்று
ரிந்தாரோ திகைத்து நின்றான்.

யுசுஹா நட்டநடுவில் செத்துக் கிடந்தாள்.
சுற்றிக்கொண்டு போனோம்.

கைப்பேசியில் ஒரு வீடும் இல்லை.
முப்பத்தொரு படம், எல்லாம் பாதங்கள்.

திரும்பும் ரயிலில் இரண்டும் உறங்கிப்போயின.
ஒரு குகைப்பாதை தாண்டியதும்
சன்னல் வெயில் அவன் முழங்காலில் ஏறியது.
திரையை இறக்கினேன்.
யாரும் பார்க்கவில்லை.
என் கால்களையும்
உள்ளே இழுத்துக்கொண்டேன்.